எம்டனும் விக்ராந்தும்
(நம் கடலில் நடந்த இரண்டு போர்த் தந்திரங்களும், ஒரு அரியர் கதையும்)



சின்ன வயசில் நான் ஏதாவது குறும்பு செய்துவிட்டு மாட்டாமல் தப்பித்தால், எங்க ஆயா "சரியான எம்டன்டா நீ" என்று சொல்லும். எம்டன் என்றால் என்ன என்று கேட்டால் அதுக்கும் தெரியாது. "எங்கம்மா சொல்லும், நானும் சொல்றேன்" என்பதுதான் பதில். நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்கப் பலே கில்லாடியை 'எம்டன்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது ஒரு கப்பலின் பெயர் என்பதும், அந்தக் கப்பல் ஓர் இரவில் நம்ம மாமல்லபுரம் கடல் வழியாகத்தான் விளக்கை அணைத்துக்கொண்டு தெற்கே போனது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த ஆண்டு மலருக்கு 'இருபதாம் நூற்றாண்டுப் போர்களில் வீரமும் தந்திரமும்' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எங்கெங்கோ நடந்ததை எழுதுவதை விட, நம் கடலிலேயே நடந்த இரண்டை எழுதலாம் என்று நினைத்தேன். மெக்கானிக்கல் மாணவன் என்பதால் எஞ்சின், பாய்லர் பற்றியும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளவும்!

திருக்குறளில் 48-ஆவது அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். வலிமை, நேரம், இடம் என்ற மூன்றையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். கீழே வரும் இரண்டு கதைகளையும் இந்த மூன்றையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

1. தனியாக வந்த கப்பல்

எம்டன் ஜெர்மனியின் சிறிய போர்க்கப்பல். 1908-ல் டான்சிக் நகரில் கடலில் இறக்கப்பட்டது. எடை சுமார் 3,600 டன், பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாய் விட்டமும் 10.5 செ.மீ. அதே வகையில் கட்டிய 'டிரெஸ்டன்' கப்பலுக்குப் புது மாதிரி நீராவி டர்பைன் வைத்தார்கள். எம்டனுக்குப் பழைய பிஸ்டன் எஞ்சின்தான். பன்னிரண்டு பாய்லர், எல்லாம் நிலக்கரியில் எரிவது. அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 24 கடல் மைல், அதாவது 44 கிலோமீட்டர்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது சீனக் கரையைத் தளமாகக் கொண்ட ஜெர்மன் கப்பற்படை பசிபிக் கடல் வழியாகக் கிளம்பியது. எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தன் தளபதியிடம், "என்னைத் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொண்டார். தளபதியும் ஒப்புக்கொண்டு கூடவே ஒரு நிலக்கரிக் கப்பலையும் அனுப்பி வைத்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடல் முழுக்கப் பிரிட்டிஷாருடையது. ஒதுங்க ஒரு துறைமுகம் இல்லை. ரிப்பேர் ஆனால் பட்டறை இல்லை. நிலக்கரி தீர்ந்தால் கப்பல் வெறும் இரும்புப் பெட்டி. இதில் எப்படித் தாக்குப்பிடிப்பது?

முல்லர் செய்த முதல் வேலை வேஷம் போட்டது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அப்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பலவற்றுக்கும் நான்கு. எனவே மரச்சட்டமும் கான்வாஸ் துணியும் வைத்து நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைச் செய்து நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது பிரிட்டிஷ் கப்பல்!

இரண்டாவது, எதிரியின் பொருளிலேயே வாழ்வது. செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். முதலில் பிடித்த 'பொண்டோபோரோஸ்' கப்பலில் ஆயிரக்கணக்கான டன் நிலக்கரி இருந்தது. 'இண்டஸ்' கப்பலில் பெட்டி பெட்டியாகச் சோப்பு. எம்டனில் அப்போது சோப்புக்குத் தட்டுப்பாடு! பிடித்த கப்பலில் இருந்தவர்களை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பார். 'கபிங்கா' என்ற கப்பலை மூழ்கடிக்காமல், அதிலேயே கைதிகள் எல்லாரையும் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார். போகும்போது அந்தக் கைதிகள் எம்டன்காரர்களுக்கு 'ஜே' போட்டுவிட்டுப் போனார்களாம். எதிரியே கை தட்டினால் அதுதானே வீரம்?

2. செப்டம்பர் 22 இரவு

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி சுமார். சென்னைத் துறைமுகம் போர் நடப்பதையே மறந்த மாதிரி விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. எம்டன் சுமார் மூன்று கிலோமீட்டர் வரை நெருங்கி வந்து, சர்ச் லைட்டைப் போட்டு, சுட ஆரம்பித்தது.

குறி, துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். பத்து நிமிடம் சொச்சத்தில் 125 குண்டுகளுக்கு மேல் பறந்தன. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. மூன்று லட்சம் காலனுக்கும் மேல் எண்ணெய் நாசம். துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற கப்பலிலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தார்கள். இதை மறந்துவிட்டுத் தந்திரத்தை மட்டும் ரசிப்பது சரியில்லை. சுட்டவன் எவ்வளவு பண்புள்ளவனாக இருந்தாலும் குண்டுக்குப் பண்பு தெரியாது.

கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டார்கள். எதுவும் படவில்லை. அடுத்து முல்லர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கிளம்பும்போது கப்பலின் இடது பக்க விளக்குகளை எரியவிட்டபடி வடக்கு நோக்கிப் போனார். வடக்கே போகும் கப்பலுக்கு இடது பக்கம்தானே நம் கரை! ஆகவே கரையில் நின்றவர்கள் எல்லாரும் "வடக்கே போறான்" என்று நம்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, திரும்பித் தெற்கே இலங்கைப் பக்கம் விட்டார் சவாரி!

அப்படியானால் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நம் கரையைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? எங்கள் குப்பத்திலிருந்து அன்று இரவு கட்டுமரத்தில் போனவர்கள் யாராவது, இருட்டில் ஒரு பெரிய இருட்டு நகர்வதைப் பார்த்திருப்பார்களோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மறுநாளிலிருந்து சென்னையில் ஒரே பீதி. ஆயிரக்கணக்கான பேர் ஊரைக் காலி செய்தார்கள். வங்காள விரிகுடாவில் கப்பல் போக்குவரத்தே முடங்கியது. சேதம் பத்து நிமிடம்தான். பயம் பல வாரம். அந்தப் பயம்தான் நூறு வருஷம் தாண்டியும் 'எம்டன்' என்ற சொல்லாக நம் வாயில் நிற்கிறது. சென்னை உயர்நீதிமன்ற மதில் சுவரில் இதற்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. பாரிமுனை போனால் பாருங்கள்.

(செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார்.)

3. பொய்ப் புகைபோக்கி மாட்டிய கதை

அதன்பிறகும் எம்டன் ஓயவில்லை. டியாகோ கார்சியா தீவுக்குப் போனபோது, அங்கிருந்தவர்களுக்குப் போர் தொடங்கிய செய்தியே போய்ச் சேரவில்லை! எம்டன்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுடைய மோட்டார் படகை ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு, உணவுப் பொருளும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் நாலு புகைபோக்கியோடு நுழைந்து, ரஷ்யாவின் 'ஜெம்சுக்' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதன் கேப்டன் அன்று கப்பலிலேயே இல்லை, கரையில் இருந்தார். வெளியே வரும்போது எதிர்ப்பட்ட 'முஸ்கே' என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு, தப்பி ஓட வேண்டிய அந்த அவசரத்திலும் நின்று, தண்ணீரில் தத்தளித்த 36 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது.

நவம்பர் 9. கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேரை இறக்கினார் முல்லர். ஆனால் நிலையத்தில் இருந்தவர்கள் அருகிலிருந்து பார்த்ததும் நான்காவது புகைபோக்கி துணி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே "அன்னியக் கப்பல் வந்திருக்கிறது" என்று கம்பியில்லாத் தந்தி பறந்தது. அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் சில மணி நேரத்தில் வந்துவிட்டது. அது பெரிய கப்பல், வேகமும் அதிகம், பீரங்கி 15 செ.மீ. முதலில் சரியாகக் குறி வைத்தது எம்டன்தான். ஆனால் சிட்னி தூரமாகத் தள்ளி நின்று அடித்தது. எம்டனின் குண்டு எட்டவில்லை. கடைசியில் முல்லர் கப்பலை நார்த் கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார். 130 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

தீவில் இறங்கிய ஐம்பது பேர் என்ன ஆனார்கள்? லெப்டினன்ட் மூக்கே தலைமையில், அங்கே நின்ற 'ஆயிஷா' என்ற 97 டன் பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சுமத்ரா, பிறகு வேறொரு கப்பல், பிறகு அரேபியப் பாலைவனம் என்று அலைந்து 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் சிலரைப் பறிகொடுத்தார்கள். எஞ்சினே இல்லாத கப்பலில் ஆரம்பித்த பயணம் அது!

4. விரிசல் விட்ட பாய்லர்

இனி நம் கப்பல். 1961-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த், நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1970-ல் அதன் பாய்லர்களைப் பிரித்துப் பார்த்தபோது நீர் உருளைகளில் விரிசல்! வெல்டிங் வைத்தும் சரி செய்ய முடியாத விரிசல். வேறு உருளை வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்குள் 1971 வந்தது, கிழக்குப் பாகிஸ்தானில் போர் மேகம் திரண்டது.

கப்பலை மூலையில் நிறுத்திவிடலாமா? இல்லை. அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். 25 கடல் மைல் வேகத்துக்காக வடிவமைத்த கப்பல், சுமார் 14 கடல் மைல் வேகத்தில்தான் ஓடலாம் என்று முடிவானது. சைக்கிளில் ஒரு பெடலோடு மிதிப்பது மாதிரி! அதுவும் விமானந்தாங்கிக்கு வேகம் ரொம்ப முக்கியம். விமானம் மேலே எழும்ப இறக்கையின் மேல் காற்று வேகமாகப் பாய வேண்டும். கப்பல் காற்றுக்கு எதிராக ஓடினால் காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் கூடும். கப்பல் மெதுவாகப் போனால் அந்த உதவி குறைந்துவிடும்.

கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்த தமிழர். விக்ராந்தைக் கிழக்கே கொண்டு வந்தார்கள். அதை ஒழிக்க என்றே பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கிக் கப்பல் நவம்பர் 14-ல் கராச்சியை விட்டுக் கிளம்பி, இலங்கையைச் சுற்றி, நவம்பர் 23 அளவில் சென்னைக் கடலுக்கே வந்துவிட்டது. அதாவது மறுபடியும் நம்ம பக்கம்! வேகமாக ஓட முடியாத கப்பல் நீர்மூழ்கியிடம் மாட்டினால் கதை முடிந்தது.

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானில் ஓர் ஒதுக்குப்புறமான இடத்துக்கு அனுப்பி ஒளித்து வைத்தார். ஆனால் அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாக எதிரியை நம்ப வைத்தார். எப்படி? பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் விசாகப்பட்டினத்துச் சந்தையில் மொத்தமாக ஆர்டர் செய்தார்கள். 'ராஜ்புத்' என்ற பழைய கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் பேசுவது போல ஏராளமான வயர்லெஸ் செய்திகளை அனுப்பச் சொன்னார்கள். விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பது போல ஒரு தந்தியும் வேண்டுமென்றே சாதாரண முறையில் அனுப்பப்பட்டது. ஒட்டுக்கேட்பவன் நம்ப வேண்டுமே!

காஜி விசாகப்பட்டினத்துக்குத் திரும்பியது. டிசம்பர் 3 நள்ளிரவு ஒட்டி, துறைமுகத்துக்கு வெளியே பெரிய வெடிச் சத்தம். காஜி மூழ்கிவிட்டது. ராஜ்புத் போட்ட வெடிகளால் மூழ்கியது என்று இந்தியா சொல்கிறது. உள்ளே நடந்த வெடிப்பு அல்லது அதன் சொந்தக் கண்ணிவெடிதான் காரணம் என்று பாகிஸ்தான் சொல்கிறது. எப்படியானாலும், விக்ராந்த் இல்லாத இடத்துக்கு அதை இழுத்து வந்தது தந்திரம்தான். மிதந்து வந்த பொருட்களை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அந்த ஊர் மீனவர்கள்! காஜியில் இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருந்திருப்பார்கள்.

டிசம்பர் 4 அன்று, அந்த விரிசல் பாய்லர் விக்ராந்திலிருந்து விமானங்கள் எழும்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. டிசம்பர் 16-ல் வங்கதேசம் விடுதலை அடைந்தது. விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்றது, 2014-ல் உடைக்கப்பட்டது. அதே பெயரில் நாமே கட்டிய புதிய விக்ராந்த் 2022-ல் கடற்படையில் சேர்ந்தது.

5. என் அரியர் கதை

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு டிப்ளமோ வந்தபோது வகுப்பில் பாதி புரியாது. ஆனால் புரிந்த மாதிரி தலையாட்டுவேன். யாராவது டவுட் இருக்கா என்று கேட்டால் முதலில் "இல்ல சார்" சொல்வது நான்தான். முதல் வருஷம் கணக்கிலும் இயற்பியலிலும் அரியர். வீட்டில் மார்க் ஷீட்டைப் படிக்க ஆள் இல்லை. அப்பா கேட்டபோது "எல்லாம் பாஸ் நைனா" என்று சொல்லிவிட்டேன். அன்று ஆயா மறுபடியும் "எம்டன்" என்று சொல்லிச் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

லைப்ரரியில் எம்டன் கதையைப் படித்த அன்றுதான் உறைத்தது. நான் வைத்திருந்ததும் பொய்ப் புகைபோக்கிதான்! தூரத்திலிருந்து பார்ப்பவனைத்தான் அது ஏமாற்றும். பக்கத்தில் வந்தால் துணி என்று தெரிந்துவிடும். எம்டன் அதை எதிரிக்குக் காட்டியது. நான் அப்பாவுக்குக் காட்டினேன். விக்ராந்த் கதையிலோ, பாய்லரில் விரிசல் என்பதைக் கடற்படை எதிரியிடமிருந்து மறைத்தது, தனக்குத்தானே மறைக்கவில்லை. "இவ்வளவுதான் ஓடும்" என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகுதான் திட்டமே போட்டார்கள். விரிசலே இல்லை என்று முழு வேகத்தில் ஓட்டியிருந்தால் எதிரி தேவையில்லை, பாய்லரே போதும்!

அன்று சாயங்காலம் அப்பா கரையில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லிவிட்டேன்.

"நைனா, ரெண்டு பேப்பர்ல அரியர்."

"அரியர்னா இன்னாடா?"

"ஃபெயிலு. திரும்ப எழுதணும்."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நூலை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். அப்புறம், "வலை கிழிஞ்சா தூக்கிப் போட்டுடறமா? எங்க கிழிஞ்சிருக்குன்னு பாத்து அங்க கட்டறோம். அதுக்கு இன்னாத்துக்குடா பொய் சொன்ன?" என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் வகுப்பில் முதல் முறையாகக் கையைத் தூக்கி, "சார், புரியல" என்றேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னால் இருந்து இன்னொருத்தன் "எனக்கும் புரியல சார்" என்றான். இயற்பியல் அடுத்த முறையே போனது. கணக்கு இரண்டு தடவை எழுதி, 43 மார்க்கில் போனது. பெரிய மார்க் இல்லைதான். ஆனால் 14 கடல் மைல் வேகத்தில் ஓடிய விக்ராந்தும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததே!

முடிவாக...

நண்பர்களே! இந்தக் கதைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று.

வலியறிதல்: உன் எஞ்சின் எவ்வளவு ஓடும் என்பதை நீயே அளந்து தெரிந்துகொள். பழைய எஞ்சின் என்பதில் வெட்கம் இல்லை.

காலமறிதல்: எம்டன் வந்த இரவில் சென்னை விளக்கேற்றி வைத்துவிட்டு அசந்திருந்தது. பரீட்சையும் அப்படித்தான், நாம் அசரும்போதுதான் வரும்.

இடனறிதல்: எங்கே மறைக்க வேண்டும், எங்கே மறைக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். போட்டியாளனிடம் மறைக்கலாம். வாத்தியாரிடமும் வீட்டிலும் மறைத்தால் நம் கப்பல்தான் பாறையில் ஏறும்.

அடுத்த முறை மாமல்லபுரம் போனால் சிற்பங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கலங்கரை விளக்கப் பாறை மேல் ஏறி நின்று கடலையும் ஒரு நிமிடம் பாருங்கள். 1914-ல் எம்டன் போன வழி அது. காஜி தேடி அலைந்ததும் அந்தக் கடலில்தான். இன்று அதே கடலில் எங்க அப்பாவின் படகு போய்க்கொண்டிருக்கும்.

அரியர் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கே கிழிந்திருக்கிறது என்று பாருங்கள், அங்கே கட்டுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை